‘கியர் பாக்ஸ் போச்சு சார்!’ – நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய ஆட்டோமேட்டிக் காரை ஷெட்டுக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. மெக்கானிக் ஏறி, ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே நகர்த்திப் பார்ப்பார். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே, “பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்” என்பார். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் அவர் சொல்கிற தொகை, பன்னிரண்டு பதினைந்து வருடம் ஓடிய காரை விற்றால் கிடைக்கும் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். காருக்குச் சொந்தக்காரர் அரைமனதோடு தலையாட்டுவார். இல்லாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்.

இரண்டுமே தேவையில்லாமல் நடப்பதுண்டு. கியர் பாக்ஸில் தெரிகிற கோளாறெல்லாம் கியர் பாக்ஸுக்குள் பிறந்தவை அல்ல. ஒரு பிரேக் லைட் சுவிட்ச், உதிர்ந்துபோன பிளாஸ்டிக் புஷ், பச்சை பூத்த எர்த் ஒயர், யாரோ எப்போதோ கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட், அரை லிட்டர் குறைந்த ஆயில் என்று எதுவும் ‘பாக்ஸ் போன’ வேஷம் கட்டும். உள்ளே பழுதே இல்லாத பாக்ஸைப் பிரித்து மாட்டுவதோ புதுப் பழுதுக்கு நாமே கொடுக்கிற அழைப்பு. சோதனை என்பது மலிவான இடத்தில் தொடங்கி விலையான இடத்தில் முடிய வேண்டும். நம் ஊரில் அது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். உள்ளே இருப்பவை நான்கு வேறு இயந்திரங்கள். 2014-இல் மாருதி செலிரியோ கொண்டுவந்த ஏ.எம்.டி., உண்மையில் சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சை அழுத்தவும் கியரை மாற்றவும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஜெர்க் வந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம், ஆக்சுவேட்டரின் ஆயில் குறைந்திருக்கலாம், பிளேட் மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்குப் புதிய அளவைக் கற்றுக்கொடுக்காமல் விட்டிருக்கலாம். மேனுவல் பாக்ஸ் தெரிந்த எந்த நல்ல மெக்கானிக்கும், ஸ்கேனர் கையில் இருந்தால், இதைச் சமாளித்துவிடுவார்.

சி.வி.டி. வேறு கதை. அதில் படிப்படியாக மாறும் கியர்களே இல்லை. விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே இரும்புப் பெல்ட் ஓடுகிறது. 2000-களின் நடுவில் வந்த ஹோண்டா சிட்டி சி.வி.டி. இன்னும் நம் சாலைகளில் தென்படுகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது அது உதறுவது பலருக்கும் பழக்கமான புகார். எஞ்சின் விசையை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வர்ட்டர் அந்தக் காரில் கிடையாது. ஆயிலில் நனைந்த ‘ஸ்டார்ட் கிளட்ச்’ ஒன்றுதான் வண்டியைக் கிளப்புகிறது. ஆயில் கெட்டால் அது வழுக்கியும் பிடித்தும் உதறும். ஹோண்டா சொன்ன சி.வி.டி. ஆயிலை மாற்றி, கிளட்ச்சின் அளவை மறுபடி பதிவு செய்தாலே பல வண்டிகள் அடங்கிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. அந்த ஐ-டி.எஸ்.ஐ. எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக். முன்வரிசை நான்கை மாற்றிவிட்டு, கைக்கு எட்டாத பின்வரிசை நான்கை அப்படியே விட்டுவிடுகிற ஷெட்கள் இருக்கின்றன. பழி மட்டும் கியர் பாக்ஸுக்கு.

மூன்றாவது, டி.சி.டி. இரண்டு கிளட்ச், ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 ஸ்பீடு டி.க்யூ.200 போன்ற உலர் கிளட்ச் வகை, ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகிச் சீக்கிரம் தேயும். அதன் ‘மெக்கட்ரானிக்ஸ்’ தொகுதியின் கோளாறுகள் உலகமறிந்தவை. அதைத் தெருமுனை ஷெட்டில் திறக்காமல் இருப்பதே நல்லது.

இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் நான்காவது வகைக்கு. ஹூண்டாய் ஐ10-இன் 4 ஸ்பீடு, பழைய கொரோல்லா, 2008-இல் வந்த தலைமுறை சிட்டியின் 5 ஸ்பீடு என்று வரும் அசல் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். இதன் மூலம் கப்பலில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர், கப்பலின் நீராவி டர்பைனையும் மெதுவாகச் சுழல வேண்டிய புரொப்பெல்லரையும் இணைக்க, திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் அமைப்புக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ‘ஹைட்ரா-மேட்டிக்’ பாக்ஸை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. எஞ்சின் விசையைக் கடத்துவது ஆயில். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில். எஞ்சினில் ஆயில் ஒரு துணைப்பொருள். இங்கே அதுவே ஒரு பாகம்.

முதலில் ஆயில்

அளவு பார்ப்பதிலேயே பாதிப் பேர் சறுக்குகிறார்கள். டொயோட்டா உள்ளிட்ட பெரும்பாலான கார்களில், வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, லீவரை எல்லா நிலைகளிலும் ஒருமுறை கொண்டுபோய் ‘பி’யில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டா ஆட்டோமேட்டிக்கில் நேர்மாறு: சூடான எஞ்சினை அணைத்துவிட்டு, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையில் மற்றதைப் பார்த்து, “ஆயில் ஜாஸ்தியா இருக்கு” என்று உறிஞ்சி எடுப்பதும், குறைவென்று ஊற்றுவதும் நடக்கிறது. அளவு மீறினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் தட்டுகளை அழுத்திப் பிடிக்க முடியாது. குறைந்தால் என்ன ஆகுமோ அதேதான் அப்போதும் ஆகும். பிந்தைய பல பாக்ஸ்களில் டிப்ஸ்டிக்கே இல்லை. வண்டியை ஜாக்கியில் சமமாகத் தூக்கி, ஸ்கேனரில் ஆயிலின் வெப்பத்தைப் பார்த்து, குறிப்பிட்ட சூட்டில் கீழே உள்ள செக் பிளக்கைத் திறந்து வழிய விட்டுத்தான் அளவு பிடிக்க முடியும். ஊற்றி நிரப்பிக் கண்ணளவில் மூடினால் அது வேலையில் சேர்த்தி இல்லை.

ஆட்டோமேட்டிக் ஆயில் எஞ்சினில்போல எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆக்சில் சீல், கூலர் ஹோஸ், பான் கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்காமல் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

பிறகு நிறம், வாசனை. வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு என்பது வெறும் சாயம், எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்தறியச் சேர்ப்பது. பழுப்பேறியதால் மட்டும் பயப்பட வேண்டாம். கறுத்து, தீய்ந்த நெடி அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டு கருகியிருக்கிறது. ரோஸ் மில்க்போலக் கலங்கி இருந்தால் அதுதான் அவசரம். பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய், ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழைய ரேடியேட்டரில் அது அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கும். கிளட்ச் தட்டின் உராய்வுப் பகுதி காகிதம் போன்ற நாரால் ஆனது, பசையால் ஒட்டப்பட்டது. கூலன்ட்டில் உள்ள தண்ணீரும் கிளைக்காலும் அந்தப் பசையை விட வைத்துவிடும். இப்படியான வண்டியை ‘வீடு வரைக்கும்’ ஓட்டிப்போகாதீர்கள். ரேடியேட்டருக்கு வயதாகிவிட்டதென்றால் முன்கூட்டியே மாற்றிவிடுவது, எனக்குத் தெரிந்தவரை, இந்த வகைக் காரில் செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான செலவு.

அடுத்து, எந்த ஆயில்? “ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் ஆயில்) எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பவரிடம் வண்டியை விட வேண்டாம். ஹூண்டாயின் பழைய 4 ஸ்பீடுக்கு எஸ்.பி-3, பின்னால் வந்த 6 ஸ்பீடுக்கு எஸ்.பி-4, டொயோட்டாவில் ஒரு காலம் டி-4, பிறகு டபிள்யூ.எஸ்.; ஹோண்டாவில் இசட்-1, அதற்குப் பதிலாக வந்த டி.டபிள்யூ-1. வித்தியாசம் லேபிளில் மட்டும் இல்லை. தட்டு எவ்வளவு வழுக்கி, எந்தக் கணத்தில் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் கலந்த உராய்வுச் சேர்மம்தான் தீர்மானிக்கிறது. கிரைஸ்லர் இதை விலை கொடுத்துக் கற்றது. 1989 மாடலில் அது கொண்டுவந்த ‘அல்ட்ராடிரைவ்’ பாக்ஸுக்குத் தனி ஆயில் தேவை. கிடைக்காவிட்டால் டெக்ஸ்ரான் வகை ஆயிலை ஊற்றலாம் என்றும் கையேடு அனுமதித்தது. ஊற்றியவர்களின் வண்டிகள் உதறின. அந்த பாக்ஸின் பெயர் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த உராய்வுச் சேர்மத்துக்கு ஒரு காலத்தில் எது மூலப்பொருள் தெரியுமா? திமிங்கிலம். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க ஆட்டோமேட்டிக் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் அதற்கு ஈடான வழவழப்பு வேறெதிலும் கிடைக்கவில்லை. திமிங்கிலப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு வேதியியலாளர்கள் மாற்றுத் தேடி நன்றாகவே திண்டாடினார்கள்.

மாற்றலாமா, கூடாதா?

“ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பாக்ஸில் ஆயிலை மாத்தினா பாக்ஸே போயிடும்” என்பது ஷெட்களில் வேதவாக்கு. இதில் உண்மை கொஞ்சம், தற்செயல் நிறைய. ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை என்ற விளம்பரத்தை நம்பி யாரும் மாற்றுவதில்லை. பாக்ஸ் வழுக்க ஆரம்பித்ததும் பதறி மாற்றுகிறார்கள். தட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்ததால் அடுத்த வாரம் நின்றுவிடுகிறது. புது ஆயில் மேல் பழி விழுகிறது. ஆனால் கருகிய ஆயிலோடு பல வருடம் ஓடிய பாக்ஸில் மெஷின் வைத்து அழுத்தத்தோடு ஃபிளஷ் செய்தால், படிந்திருந்த கசடு பெயர்ந்து, ஆயிலைத் தட்டுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் நடுவழி: கீழே திறந்து வடிய விட்டு, வடிந்த அளவை அளந்து, அதே அளவு ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி அதேபோல. ஒருமுறை வடித்தால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வரும். மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். ஹோண்டாவே மூன்று முறை வடித்து ஊற்றச் சொல்வது இதனால்தான். நன்றாக ஓடும் பழைய பாக்ஸுக்கு இது நல்லது. வழுக்குகிற, தீய்ந்த வாடை வருகிற பாக்ஸுக்கு ஆயில் மாற்றம் மருந்தாகாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பாக்ஸுக்கு வெளியே

லீவர் ‘பி’யை விட்டு வரவே மாட்டேன் என்கிறதா? ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட் எரியவில்லை என்றால் கோளாறு அங்கேதான். பிரேக் மிதிபட்டதை சுவிட்ச் சொன்னால்தான் லீவரின் பூட்டு விடும். ஃபியூஸ் அல்லது சுவிட்ச், இரண்டுமே சில்லறைச் செலவு. அவசரத்துக்கு, லீவர் பக்கத்தில் சின்ன மூடிக்குள் ‘ஷிஃப்ட் லாக்’ விடுவிக்கும் பொத்தான் பல கார்களில் இருக்கும்.

லீவர் லேசாக, சத்தில்லாமல் நகர்கிறது, வண்டி எந்த நிலைக்கும் அசையவில்லை என்றால் பானட்டைத் திறந்து, லீவரிலிருந்து வரும் கேபிள் பாக்ஸின் கையைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ் வெயிலில் காய்ந்து உதிர்வது சகஜம். லீவர் சரியாக இருந்தும், ‘டி’யில் ஆக்சிலரேட்டரை மிதிக்க, வண்டி நகராமல் ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் ஏறினால், பாக்ஸ் தன் வேலையைச் செய்கிறது, ஆக்சில்தான் உடைந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. ‘பி’யில் ஸ்டார்ட் ஆகாமல் ‘என்’னில் மட்டும் ஆகிற வண்டியில் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் இன்ஹிபிட்டர் சுவிட்ச்சைச் சந்தேகிக்கலாம். அதே சுவிட்ச் தவறான தகவல் தந்தால் கியர் மாற்றமும் குழம்பும்.

இனி நம்மூருக்கே உரிய ஒன்று. எஞ்சின் ஒருமுறை சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, “நம்ம வெயிலுக்கு இது தேவையில்ல சார்” என்பது தமிழ்நாட்டு ஷெட்களின் பழைய வழக்கம். மேனுவல் காரில் இதன் தீங்கு மெதுவாகத்தான் தெரியும். ஆட்டோமேட்டிக்கில் உடனே தெரியும். எஞ்சின் நீர் குறிப்பிட்ட வெப்பத்தை எட்டும்வரை கடைசி கியரையும் டார்க் கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப்பையும் தராதபடி பல கார்களின் கம்ப்யூட்டர் எழுதப்பட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி, நெடுஞ்சாலையில் காற்று வேகமாக அடிக்கும்போது, சூடேறுவதே இல்லை. நூறில் போகும்போது எஞ்சின் கத்துகிறது, கடைசி கியர் விழவில்லை, மைலேஜ் குறைகிறது. கம்ப்யூட்டர் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறது, அவ்வளவுதான். வெப்பத்தைச் சொல்லும் சென்சார் கெட்டாலும் இதே கதை. கியர் பாக்ஸை இறக்கச் சொன்ன வண்டிக்கு ஒரு தெர்மோஸ்டாட் போதுமாக இருக்கலாம்.

எஞ்சின் மவுண்டிங் கிழிந்திருந்தால் ‘டி’யோ ‘ஆர்’ரோ போடும்போது ‘டொம்’மென்று அடிக்கும். பாக்ஸ் அடிப்பதாகவே தோன்றும். பானட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒருவர் லீவரை மாற்ற, பக்கவாட்டில் நின்று இன்னொருவர் எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். முன்னால் நிற்க வேண்டாம். பேட்டரி இறங்கியிருந்தாலோ, எர்த் ஒயர் துருவேறியிருந்தாலோ, கியரை மாற்றும் மின்வால்வுகளான சோலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரம் தடுமாறி, காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி கியர் விழும். 1990-களின் பல கார்களில் த்ராட்டிலிலிருந்து பாக்ஸுக்கு ஒரு கேபிள் ஓடும். அதன் நீளம் தப்பினால் கியர் சீக்கிரமாகவோ தாமதமாகவோ விழும். சிலவற்றில் அந்த கேபிள்தான் உள்ளழுத்தத்தையும் நிர்ணயிக்கிறது. தளர்ந்த கேபிளோடு ஓட்டினால் தட்டுகள் கருகும்.

மெக்கானிக் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்

நல்ல ஆட்டோமேட்டிக் மெக்கானிக்கை அவர் கேட்கும் கேள்விகளில் அடையாளம் காணலாம். குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? எந்த கியரிலிருந்து எதற்கு மாறும்போது? ஏற்றத்திலா, சமதளத்திலா? இதையெல்லாம் ஒரு வாரம் கவனித்து எழுதிவைத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ‘டி’ போட்டதும் சில விநாடி யோசித்து, பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடினால், கன்வர்ட்டரிலிருந்து ஆயில் இறங்கியிருக்கலாம் அல்லது ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். குளிரில் நன்றாக இருந்து, சூடான பிறகு வழுக்கினால், இளகிய ஆயில் தேய்ந்த இடங்கள் வழியே அழுத்தத்தை இழக்கிறது. இது கொஞ்சம் கவலைக்குரியது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் எஞ்சின் வெறுமனே கத்திவிட்டுப் பிறகு பிடித்தால், அந்த ஒரு கிளட்ச் தொகுதியோ அதை இயக்கும் சோலினாய்டோதான் சந்தேகத்துக்குரியது. முன்னே போகிறது, பின்னே போகவில்லை என்றாலும் அப்படியே.

மணிக்கு 60, 70 கிலோமீட்டரில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது, சாலையில் வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஓடுவதுபோல ஓர் அதிர்வு வருகிறதா? லாக்-அப் கிளட்ச் பிடிக்க முயன்று வழுக்குவதாக இருக்கலாம். எஞ்சின் மிஸ்ஸாவதாகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. பின்னால் வண்டி வராத நேரத்தில், ஆக்சிலரேட்டரை எடுக்காமல், இடது காலால் பிரேக்கை மிக மெல்லத் தொடுங்கள், பிரேக் லைட் எரிகிற அளவுக்கு மட்டும். பெரும்பாலான கார்களில் அந்த சிக்னல் வந்ததும் லாக்-அப் விடுபட்டுவிடும். அதிர்வு சட்டென்று நின்றால் லாக்-அப். நிற்காமல் தொடர்ந்தால் பிளக், காயில் பக்கம் போங்கள். லாக்-அப்பே காரணமாக இருந்தாலும் சரியான புது ஆயிலிலேயே அடங்கிவிடுகிற வண்டிகள் ஏராளம்.

கடிகாரம் வைத்துச் செய்யும் சோதனை ஒன்று டொயோட்டாவின் பழைய பட்டறைக் கையேடுகளில் இருக்கிறது. சூடான எஞ்சின், பிரேக் அழுத்தியபடி ‘என்’னிலிருந்து ‘டி’க்கு மாற்றினால் 1.2 விநாடிக்குள் பிடித்த உணர்வு வர வேண்டும், ‘ஆர்’ருக்கு 1.5 விநாடிக்குள். கூடுதலாக எடுத்தால் அழுத்தம் குறைவு அல்லது தட்டு தேய்மானம். இதை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். ‘ஸ்டால் டெஸ்ட்’ என்று பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேர முழுக்க மிதித்துப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஐந்து விநாடி தாண்டினாலே ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகும். தள்ளாடிக்கொண்டிருக்கும் பாக்ஸுக்கு அதுவே கடைசிச் சோதனையாகிவிடக்கூடும்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது?

வண்டி திடீரென்று ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றில், சிக்கிக்கொண்டு இழுக்கத் திணறினால் அது ‘லிம்ப் மோடு’. கம்ப்யூட்டர் ஏதோ ஒரு சிக்னலை நம்ப முடியாமல், சோலினாய்டுகளைக் கைவிட்டு, வீடு சேரட்டும் என்று ஒரு கியரை மட்டும் தருகிறது. பல நேரம் இயந்திரப் பழுதைவிட மின்பழுதுக்கே இது அறிகுறி. ஹோண்டாவில் ‘டி’ விளக்கு, டொயோட்டாவில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு மின்னும். எண்ணிப் பார்த்தால் அந்த மின்னலே ஒரு கோட். எல்லாக் கார்களின் கோடையும் ஒரே விதமாக ஸ்கேனரில் படிக்க உதவும் ஓ.பி.டி.-2 வருவதற்கு முந்தைய டொயோட்டாக்களில் பானட்டுக்குள் இருக்கும் பெட்டியில் டி.இ.1, இ1 என்ற இரண்டு முனைகளை ஒரு ஒயரால் இணைத்தால் விளக்கு கோடைச் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயமான ஓ.பி.டி.-2 இருக்கும் வண்டிகளில் வேலை சுலபம். ஆனால் சாதாரண ஸ்கேனரில் பி0700 மட்டும் வந்தால் அதற்கு அர்த்தம், ‘கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ கோட் இருக்கிறது, அதைப் போய்க் கேள்’ என்பதுதான். அதைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0741 என்றால் லாக்-அப் பிடிக்கவில்லை. பி0730-ம் அதையடுத்த எண்களும், உள்ளே போன சுழற்சிக்கும் வெளியே வந்த சுழற்சிக்கும் கணக்கு உதைக்கிறது என்கின்றன. பி0715, பி0720 இரண்டும் வேக சென்சார்கள். பாக்ஸின் மேலேயே திருகியிருக்கும், பல கார்களில் இறக்காமலே மாற்றலாம். கோட் என்பது மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் இல்லை. பி0750 வந்ததும் சோலினாய்டு வாங்க ஓடுபவர்கள், அதற்குப் போகும் கனெக்டரில் ஆயில் இறங்கியிருக்கிறதா, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் நிறுத்தியே வைத்த கார்களில் எலியின் கைவரிசைதான் அதிகம்.

இத்தனையும் பார்த்த பிறகு பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பானைக் கழற்றலாம். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லிசாகப் படிந்திருப்பது இயற்கை. பளபளக்கும் சுருள்கள், ஊசிகள் இருந்தால் கியரோ பேரிங்கோ அரைபடுகிறது. காந்தம் இழுக்காத பொன்னிறப் பொடி புஷ்ஷிங்கிலிருந்து வருகிறது. கறுப்புத் துணுக்குகள் கிளட்ச் தட்டின் உராய்வுப் பகுதி. பழைய ஹோண்டாவில் இப்படிக் கழற்றும் பான் கிடையாது. வடிக்கும் போல்ட்டின் காந்த முனையைப் பாருங்கள். துப்புரவாக இருந்தால் வால்வ் பாடி, சோலினாய்டோடு நின்றுவிடலாம். பல பாக்ஸ்களில் அவற்றைக் காரிலேயே வைத்து வெளியே எடுக்க முடியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் தண்ணீரில் மிதந்தன. பாக்ஸ் மூச்சு விடுவதற்கென்று மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு; அது மூழ்கினால் தண்ணீர் உள்ளே போகும். ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை அடக்கி, முதலில் ஆயிலை வடிக்க வேண்டும். சீட்டுக்கடியில் கம்ப்யூட்டர் வைத்த கார்களும் இருக்கின்றன. வெள்ளத்தில் நின்ற காரைப் பிற்பாடு வாங்கியவருக்கு வருடம் கழித்து வரும் மர்மக் கோளாறுகளின் வேர், பெரும்பாலும், கார்ப்பெட்டுக்குக் கீழே பச்சை பூத்த கனெக்டர்தான்.

உண்மையிலேயே போய்விட்டால்?

அப்போது இரண்டு வழி. ஒன்று, பிரித்து ஓவர்ஹால். மற்றது, பழைய பாக்ஸ் வாங்கி மாட்டுவது. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்குப் போனால் ‘ஓடுற கண்டிஷன்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது எந்தக் காரிலிருந்து, ஏன் இறங்கியது என்பதற்குச் சாட்சி கிடையாது. வாங்கத்தான் வேண்டுமென்றால் ஆயிலை முகர்ந்து, பானைத் திறந்து காந்தத்தைப் பார்த்து, பாக்ஸின் மேல் குத்தியிருக்கும் எண் உங்கள் காருடையதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, திருப்பித் தரும் வாக்கைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு சென்சாரும் கியர் விகிதமும் மாறியிருக்கும். ஓவர்ஹால் என்றால் தட்டும் சீலும் மாற்றுவதோடு நிற்கக் கூடாது. பழைய தூள் டார்க் கன்வர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும். கன்வர்ட்டரை வெட்டிச் சுத்தம் செய்யாமல் அல்லது மாற்றாமல், கூலரைக் கழுவாமல் மாட்டினால், அத்தனை தூளும் புது வால்வ் பாடிக்கு வந்து சேரும். எஸ்டிமேட்டில் இந்த இரண்டு வரியும் இல்லையென்றால் அந்த எஸ்டிமேட் மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இலங்கையில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மை. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்களே அங்கே அதிகம், அவற்றில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடம், பழைய காரைத் தூக்கிப்போட்டு வேறு வாங்கும் வழி அடைபட்டிருந்ததால், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கராஜ்காரர்கள் வால்வ் பாடியைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

கடைசியாக, வண்டி வழியில் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எஞ்சின் சுழன்றால்தான் பாக்ஸின் பம்ப் சுழலும். அதே காரணத்தால் கயிறு கட்டி இழுத்துப் போகவும் கூடாது. எஞ்சின் அணைந்திருக்க, சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே ஆயில் ஓட்டமில்லாமல் பாகங்கள் உரசும். முன்சக்கர வண்டியென்றால் முன்சக்கரங்களைத் தூக்கியோ, எந்த வண்டியானாலும் ஃபிளாட் பெட்டில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

வேலை முடிந்து திரும்பும் வண்டி முதல் சில நாள் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கியர் மாற்றும். கம்ப்யூட்டர் இத்தனை காலம் தேய்ந்த தட்டுக்குத் தக்கபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியிருந்தது. இப்போது புதிதாகக் கற்க வேண்டும். ஸ்கேனரில் பழைய கற்றலை அழித்துவிட்டார்களா என்று ஷெட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நெரிசலிலும் திறந்த சாலையிலும் மாறி மாறி, ஆக்சிலரேட்டரை நிதானமாக மிதித்து ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்து ஆயில் அளவை இன்னொரு முறை, அந்தக் காருக்குரிய முறையில், பார்த்துவிடுங்கள்.